அரிக்கிற நாய்க்கு எந்த ஷம்பு?

லயத்து வாசலில் ஒரு நாயாவது படுத்திருக்காத தோட்டத்தைக் காண்பது அரிது. இரவில் காவல் அதுதான். மரக்கறித் தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி இறங்கினால் முதலில் குரல் கொடுப்பதும் அதுதான். நாங்கள் மலைக்குப் போன பின் பிள்ளைகளுக்குத் துணையாக இஸ்தோப்பில் கிடப்பதும் அதுதான். அந்த நாய் இராப்பகலாகச் சொறிந்துகொண்டு, முடி கொட்டி, தோல் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து திரிந்தால் பார்க்கச் சகிக்காது.

உடனே நாம் என்ன செய்கிறோம்? "அழுக்குதான், நல்லா தேய்ச்சுக் குளிப்பாட்டினா சரியாயிடும்" என்று பீலிக்கரைக்கு இழுத்துப் போய் உடுப்புச் சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்க்கிறோம். கொஞ்சம் கையில் காசு இருந்தால் கடையில் "நாய் ஷம்பு" என்று கேட்டு, கொடுத்த போத்தலை வாங்கி வருகிறோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் நாய் முன்னையைவிட மோசம், காசும் போய்விட்டது.

அரிப்பு என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, அது ஓர் அடையாளம் மட்டுமே. காரணம் என்னவென்று பார்த்த பிறகுதான் போத்தலைத் தெரிவு செய்ய வேண்டும். இந்தப் பாடத்தில் அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. நாயின் தோல் நம் தோல் அல்ல

மனிதத் தோலின் வெளிப்படையில் கலங்கள் ஏறக்குறைய 10 முதல் 15 அடுக்குகளாக இருக்கின்றன. நாய்க்கு 3 முதல் 5 அடுக்குகள் மட்டுமே. முடி அடர்த்தியாக இருப்பதால் தோல் தடிப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் அது நம்முடையதைவிட மெல்லியது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நம் தோல் சற்று அமிலத் தன்மை உடையது. நாயின் தோல் அவ்வளவு அமிலமாக இல்லை. ஆகவே நமக்கென்று செய்த ஷம்பு அதற்குப் பொருந்தாது. உடுப்புச் சவர்க்காரமோ காரத் தன்மை கூடியது. அது அழுக்கோடு சேர்த்து, தோலைக் காக்கும் எண்ணெய்ப் பசையையும் கழுவிக்கொண்டு போய்விடும். தோல் காயும், அரிக்கும், நாய் சொறியும். "இன்னும் அழுக்கு போகல" என்று நாம் மறுபடி கழுவுவோம். கழுவக் கழுவ அரிப்பு கூடுவது இதனால்தான்.

காலநிலையும் சேர்ந்துகொள்ளும். ஊவாப் பக்கத்தில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றும், டிம்புல்ல, நுவரெலியாப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள குளிரும் வரட்சியும் தேயிலைக்கு நல்ல வாசனையைக் கொடுக்கும். ஆனால் நம் உதடு வெடிப்பதும், நாயின் தோல் காய்வதும் அதே மாதங்களில்தான். அடுப்படியில் நெருப்புக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கும் நாய்க்கு இன்னும் கூடுதலாகக் காயும்.

2. போத்தல் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நல்ல வெளிச்சத்தில் நாயை நிறுத்தி, முடியை விலக்கிப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

தெள்ளு: வாலடியிலும் பின்முதுகிலும் முடியைச் சீவி, விழும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளைக் கடதாசியில் போடுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது மண் அல்ல, தெள்ளின் எச்சம். அதில் இருப்பது நாயின் இரத்தம்.

உண்ணி: காதுக்குள், கழுத்தில், விரல் இடுக்குகளில் தடவிப் பாருங்கள்.

சொறிப்பூச்சி: இது கண்ணுக்குத் தெரியாது. காது ஓரம், முழங்கை, அடிவயிறு ஆகிய இடங்களில் பொருக்குத் தட்டி முடி கொட்டும். அரிப்பு தாங்க முடியாததாக இருக்கும். காது ஓரத்தை விரலால் தேய்த்தால் நாய் உடனே பின்னங்காலால் சொறிவதுபோல் ஆட்டும். இது இருந்தால் பெரும்பாலும் சொறிப்பூச்சி என்று சந்தேகிக்கலாம்.

படர்தாமரை: வட்டம் வட்டமாக முடி உதிர்ந்து, ஓரம் செதிலாக இருக்கும். சிலவேளை அரிப்பே இராது.

கிருமிப் புண்: கெட்ட வாடை, பிசுபிசுப்பு, சீழ்க்கொப்புளம், மஞ்சள் பொருக்கு இருந்தால் பற்றீரியாவோ பங்கசோ பெருகியிருக்கிறது.

வெறும் வரட்சி: வெள்ளைச் செதில் மட்டும் உதிரும். வாடை இல்லை, புண் இல்லை, முடி கொட்டிய இடமும் இல்லை.

பூச்சியோ புண்ணோ இல்லாமல் ஒரு நாய் கால் விரல்களை ஓயாமல் நக்கினால், காது அடிக்கடி சீழ்பிடித்தால் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். அதற்கு ஷம்பு கொஞ்சம் ஆறுதல் தரும், முழுமையாகக் குணப்படுத்தாது.

3. எதற்கு எந்தப் போத்தல்?

வெறும் வரட்சிக்கு: ஓட்ஸ், கிளிசரின், கற்றாழை இவற்றில் ஒன்று சேர்ந்த, நாய்க்கென்று செய்த சாதாரண ஷம்பு போதும். வாசனை கூடியதை வாங்காதீர்கள். நமக்கு மணக்கும் அதே பொருள்தான் மெல்லிய தோலை எரிக்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை குளிப்பாட்டினால் போதும்.

போத்தல் வாங்க வசதியில்லையா? கடையில் விற்கும் வெறும் ஓட்ஸ் ஒரு பிடி எடுத்து மாவாக அரையுங்கள். அதைத் தண்ணீரில் கலக்கினால் பால்போல வரும். அதை நாயின் மேல் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். நக்கினாலும் பாதகமில்லை.

வாடையும் பிசுபிசுப்பும் உள்ள தோலுக்கு: குளோரெக்சிடின் சேர்ந்த ஷம்பு. பங்கசும் இருந்தால் அதோடு மைக்கொனசோல் அல்லது கீட்டோகொனசோல் சேர்ந்தது. எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை வாரம் என்பதைக் கால்நடை வைத்தியர் சொல்லட்டும்.

எண்ணெய்ப் பிசுக்கோடு தடித்த செதிலுக்கு: கந்தகம், சலிசிலிக் அமிலம் சேர்ந்தவை, பென்சொயில் பெரொக்சைட் சேர்ந்தவை உள்ளன. இவை எண்ணெயை இழுத்துவிடும். காய்ந்த தோலுக்கு இவற்றைப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். "செதிலுக்கு நல்லது" என்று போத்தலில் இருப்பதைப் பார்த்து மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

தெள்ளுக்கு: தெள்ளு ஷம்பு அன்றைக்கு உடம்பில் இருப்பவற்றைக் கொல்லும். ஆனால் நாயின் மேல் இருப்பது ஒரு சிறு பங்கே. முட்டை, புழு, கூடு எல்லாம் அது படுக்கும் சாக்கிலும் தரை வெடிப்பிலும் இருக்கின்றன. சாக்கைக் கொதிநீரில் போட்டுக் காய வையுங்கள். மூலை முடுக்கெல்லாம் கூட்டுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கிழமையில் பழைய கதைதான். வைத்தியர் தரும் சொட்டு மருந்தோ மாத்திரையோ நீண்ட நாள் பலன் தரும்.

சொறிப்பூச்சிக்கு: கடை ஷம்பு போதாது. வைத்தியரின் மருந்து வேண்டும்.

4. குளிப்பாட்டும் முறை

முதலில் முடியைச் சீவிச் சிக்கெடுங்கள். தண்ணீர் சுடக்கூடாது; சுடுதண்ணீர் அரிப்பைக் கூட்டும். பனி நாளில் பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றாமல், குளிர் விட்டுப்போகும் அளவுக்கு மட்டும் சூடாக்குங்கள். காலையில் பெரட்டு நேரத்தில் அவசரமாகச் செய்யாமல், வெயில் உள்ள ஞாயிறு பகலைத் தெரிவு செய்யுங்கள்.

சாதாரண ஷம்புவை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் எல்லா இடமும் படும், போத்தலும் கூடுதல் நாள் வரும். மருந்து ஷம்புவைப் போத்தலில் சொன்னபடி மட்டும் பாவியுங்கள். கண்ணிலும் காதுத் துவாரத்திலும் படக்கூடாது. விரல் நுனியால் மெதுவாகத் தேயுங்கள். தும்பு, பிரஷ் வேண்டாம்.

பலர் தவறவிடுவது இதைத்தான்: மருந்து ஷம்பு வேலை செய்யப் பத்து நிமிடம் தோலில் இருக்க வேண்டும். போட்டவுடன் கழுவினால் மருந்து தண்ணீரோடு போய்விடும். மணிக்கூட்டைப் பாருங்கள். பிள்ளையை நாயோடு கதைத்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

பிறகு வழுவழுப்பு முழுதும் போகும்வரை கழுவுங்கள். தங்கிய ஷம்பும் அரிப்பைத் தரும். கடைசியாகத் துணியால் ஒற்றித் துடையுங்கள். கால் இடுக்கு, காதடி, அடிவயிறு ஈரமாக இருந்தால், மிஸ்ட் மூடும் நம் மலைநாட்டில் பங்கசு எளிதில் பிடிக்கும்.

5. ஒருபோதும் செய்யக்கூடாதவை

மண்ணெண்ணெய், பழைய எஞ்சின் ஒயில் பூசாதீர்கள். தோல் வெந்துபோகும், நாய் நக்கினால் உள்ளேயும் நஞ்சு சேரும்.

மலைக்கும் மரக்கறிக்கும் அடிக்கும் மருந்தின் மிச்சத்தை நாயின் மேல் தெளிக்காதீர்கள். "கொஞ்சம்தானே, பூச்சி செத்துரும்" என்று சொல்வார்கள். பூச்சியோடு நாயும் சாகலாம். அதைத் தடவிக்கொடுக்கும் பிள்ளையின் கையிலும் அந்த நஞ்சு ஒட்டும்.

தரை கழுவும் கிருமிநாசினியால் குளிப்பாட்டாதீர்கள்.

மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குக் கொடுக்காதீர்கள். ஐவர்மெக்டின் அளவு கூடினால் நாய் தள்ளாடி, மயங்கி, இறக்கவும் கூடும்.

வீட்டில் பூனை இருந்தால் இன்னொரு கவனம். பெர்மெத்ரின் என்ற மருந்து நாய்க்கான சில தெள்ளு மருந்துகளிலும், மனிதருக்கான சில பேன் மருந்துகளிலும் உண்டு. அது பூனைக்குக் கொடிய நஞ்சு. நாய்க்குப் பூசிய அன்று பூனை அதனோடு சுருண்டு படுத்தாலே ஆபத்து.

6. சாப்பாட்டையும் பாருங்கள்

வெறும் சோறும் பருப்புத் தண்ணியும் மட்டும் தின்னும் நாய்க்கு முடி மினுங்காது. தோலுக்குப் புரதமும் நல்ல கொழுப்பும் வேண்டும். கிழமையில் சில நாள் அவித்த முட்டையோ, உப்புப் போடாமல் அவித்து முள் நீக்கிய மீனோ சோற்றில் பிசைந்து வையுங்கள். வெங்காயம், வெள்ளைப்பூடு போட்ட கறியைக் கொட்டாதீர்கள். அவை நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். சாப்பாட்டின் பலன் தோலில் தெரிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். அதற்குள் மனம் தளர வேண்டாம்.

7. நாயின் தோலும் நம் பிள்ளையும்

"நாய்க்குப் போய் இவ்வளவு பாடா?" என்று சிலர் கேட்கலாம். லயத்தில் காம்பராவும் காம்பராவும் ஒட்டி இருக்கின்றன. ஒரு வீட்டு நாய் பத்து வீட்டு வாசலில் படுக்கும். படர்தாமரை நாயிலிருந்து பிள்ளைக்கு நேரே ஒட்டும். நாயின் சொறிப்பூச்சி மனிதத் தோலில் பெருகாது. ஆனாலும் தூக்கிக் கொஞ்சும் பிள்ளையின் கையிலும் வயிற்றிலும் அரிக்கும் சிறு கொப்புளங்களைத் தரும். நாயைக் குணமாக்கினால் அதுவும் மாறிவிடும்.

ஆனால் பிள்ளைக்கு விரல் இடுக்கில், இராத்திரியில் கூடுதலாக அரித்து, வீட்டில் மற்றவர்களுக்கும் பரவினால் அது மனிதரில் வாழும் வேறு வகைச் சிரங்காக இருக்கலாம். நாயின்மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாமல், பிள்ளையைத் தோட்ட வைத்தியசாலையில் காட்டுங்கள்.

முடி கொட்டிய இடம் பரவுதல், இரத்தம் அல்லது சீழ், சாப்பிடாமல் சோர்ந்து கிடத்தல், முரசு வெளுத்தல், குட்டியின் கண்ணைச் சுற்றி முடி உதிர்தல், மூன்று நான்கு கிழமையிலும் மாறாத அரிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் ஷம்புவை நிறுத்திவிட்டு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். கடினமான நோய்களுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலையும் உண்டு.

தனியாகப் போவதென்றால் ஓட்டோச் செலவு பெரிது. ஒரு லயத்தில் நாலைந்து வீட்டார் சேர்ந்து போகலாம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. சொறிப்பூச்சிக்கும் தெள்ளுக்கும் ஒரு நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் பக்கத்து வீட்டு நாயிலிருந்து திரும்பவும் வரும். லயத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே காலத்தில் மருந்து போட்டால்தான் முழுப் பலன் கிடைக்கும்.

அப்படிப் போகும்போது விசர்நாய் நோய்த் தடுப்பூசியையும் கேளுங்கள். அதை ஆண்டுதோறும் போட வேண்டும். குளிப்பாட்டும்போது நாய் கடித்தாலோ கீறினாலோ, வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

மாதர் சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

1. நம் லயத்தில் எத்தனை நாய்கள் சொறிகின்றன? அவற்றில் வெறும் வரட்சி எத்தனை, பூச்சி எத்தனை?

2. ஈரக் கடதாசிச் சோதனையை யார் செய்து காட்டுவது?

3. மருந்து ஷம்பு ஏன் பத்து நிமிடம் தோலில் இருக்க வேண்டும்?

4. எல்லா நாய்க்கும் ஒரே நாளில் மருந்து போட, எந்த ஞாயிறு வசதி?

நாலாவது கேள்விக்கு ஒரு திகதியை எழுதிக்கொண்டு கூட்டத்தை முடியுங்கள்.