காற்றடித்துச் சோதிக்கலாமா?

கேள்வி: குழாய் பதிக்கும் வேலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். தண்ணீர் நிரப்பித்தான் சோதிக்க வேண்டுமா? காற்றடித்தால் தண்ணீர் மிச்சமாகுமே? (வாசகர், திருமங்கலம்)

பதில்: காற்று வேண்டவே வேண்டாம், உயிர் போகும். தண்ணீர் அழுத்தினாலும் சுருங்குவது மிகக் குறைவு. பற்றவைப்பு விட்டால் அழுத்தம் சட்டென இறங்கிவிடும். காற்றோ சுருங்கிச் சுருங்கி ஆற்றலைச் சேர்த்து வைக்கும். உடைந்தால் இரும்புத் துண்டுகள் பறக்கும். அதனால் தண்ணீர் நிரப்பும்போதும் மேடான இடங்களில் காற்று வால்வைத் திறந்து, உள்ளிருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகே அழுத்தம் ஏற்றுங்கள், மெதுவாக.

லோயர் கேம்ப்பிலிருந்து மதுரைக்கு வரும் முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாய் மலையடிவாரத்திலிருந்து சமவெளிக்கு இறங்குகிறது. இத்தகைய பாதையில் 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் கூடும். தாழ்ந்த முனையின் அழுத்தத்தைக் கட்டாயம் பாருங்கள்.

வால்வின் உடலை, பொதுவாக, அனுமதித்த அழுத்தத்தைப்போல் 1.5 மடங்கிலும், மூடிய நிலையில் 1.1 மடங்கிலும் ஆலையிலேயே சோதிப்பார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாத வால்வைப் பொருத்தாதீர்கள்.