வயிற்றுக்கு ஹிப்னோதெரபி: முதலில் ஆளைப் பாருங்கள்

எனக்கு ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்ற குடல் கோளாறு. கொலோனோஸ்கோபி உட்பட எல்லாப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை; ஆனால் வெளியூர் பஸ் என்றாலே வயிறு கலக்கும். "எல்லாம் பிரமை" என்ற சொந்தக்காரர்களுக்குச் சொல்கிறேன்: வலி நிஜம். குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பில் கோளாறு வந்தால் குடலின் சாதாரண அசைவுகூட வலிக்கும். ஹிப்னோதெரபி வேலை செய்வது அங்கேதான்.

மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல், மருந்துக்கு அடங்காத 30 நோயாளிகளிடம் இதைச் சோதித்து 1984-லேயே லான்செட் இதழில் எழுதிவிட்டார். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பும் 2008-இல், 12 மாதம் மருந்து கொடுத்தும் குறையாதவர்களுக்கு இதையும் பரிசீலிக்கச் சொன்னது.

எனக்கு முதலில் வாய்த்த ஆளோ குடலைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. "சின்ன வயசுக்குப் போங்க. யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்காங்க, யாரு?" என்று துருவினார். ஹிப்னாஸிஸ் நிலையில் கேட்டதற்கெல்லாம் மனம் ஒரு படத்தைக் காட்டும். எனக்குப் பெரியப்பா முகம் வந்தது. "ஆழ்மனம் பொய் சொல்லாது" என்று அடித்துச் சொன்னார். அதை நம்பிப் பெரியப்பாவோடு பேச்சையே நிறுத்தினேன். அந்த வருஷங்களில் அவர் பிலாயில் வேலையில் இருந்தார், ஊருக்கே வரவில்லை என்று அம்மா சொன்ன பிறகுதான் விளங்கியது. போன பணத்தை விட்டுவிடலாம். பெரியப்பாவோடு பேச்சை நிறுத்த வைத்ததற்கு அந்த ஆளை மன்னிக்க மாட்டேன்.

பிறகு பார்த்தவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். வயிற்றில் கையை வைத்துச் சூடு பரவுவதை உணரச் சொன்னார். குடலை ஆறாக நினைத்து அதன் வேகத்தைத் தணிக்கச் சொன்னார். மலச்சிக்கல்காரர்களுக்கு அதே ஆற்றைத் தாராளமாக ஓடவிடுவார்களாம். ஹிப்னாஸிஸ் தூக்கமே இல்லை. தெருவில் கீரைக்காரம்மா கூவுவதுகூடக் காதில் விழும். அவர் பதிந்து கொடுத்த ஆடியோவைத் தினமும் ராத்திரி கேட்டேன். வீட்டில் கேட்காமல் சிட்டிங்குக்கு மட்டும் போவது காசுக்குக் கேடு. எனக்கு வலி மெல்ல மெல்லத்தான் தணிந்தது. இன்று மாத்திரை இல்லாமல் வெளியூர் போய்வருகிறேன்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை இருந்தால் குடல் மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும். மனச்சிதைவு உள்ளவர்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. மற்றவர்கள் முதல் நாளே கேளுங்கள்: "ஐ.பி.எஸ்-க்கு இதைச் செய்யத் தனியாகப் பயிற்சி எடுத்திருக்கீங்களா?" முற்பிறவி, ஒரே சிட்டிங்கில் குணம் என்று பேச்சு போனால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.