காரில் ஸாட்டிலைட் ரேடியோ கேட்க முடியுமா?

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் உள்ள நண்பர் ஒருவர் சென்ற மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தார். பரணிலிருந்து இறக்கிய சாமான்களோடு ஒரு பழைய அட்டைப் பெட்டியும் வந்தது. நேராக என்னிடம் தூக்கி வந்துவிட்டார். உள்ளே ஒரு வேர்ல்டுஸ்பேஸ் ரிசீவர், ஒயருடன் கூடிய சதுர ஆன்டெனா.

"அண்ணே, இதை என் கார்ல மாட்டித் தர்றீங்களா? பெங்களூர் போய்ச் சேர்ற வரைக்கும் ஒரே ஸ்டேஷன் பாடும்ல? ராத்திரி ஓட்டும்போது தூக்கம் வருது" என்றார்.

முடியாது என்பதே பதில். அந்த ஒலிபரப்பு இந்தியாவில் 2009 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டது. ஆனால் அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாட்களிலும் ஓடுகிற காரில் ஒழுங்காகப் பாடியதில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால், இன்று காரில் எதற்குப் பணம் செலவழிக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் எஃப்.எம். ரேடியோவைப் பார்ப்போம். எஃப்.எம். அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமி உருண்டையாக இருப்பதால் ஒரு தூரத்திற்குப் பிறகு தரை மறைத்துவிடும். எங்கள் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தின் உயரம் சுமார் 59 மீட்டர். ஒரு பேச்சுக்கு, அந்த உயரத்தில் ஓர் எஃப்.எம். ஆன்டெனா இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குப்படி அதன் சிக்னல் காரில் சுமார் 36 கிலோமீட்டர் வரை கிடைக்கும். அதாவது ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம், அவ்வளவுதான்! 150 மீட்டர் டவர் கட்டினால்கூட 55 கிலோமீட்டர்தான் தேறும். பெங்களூர் சுமார் 280 கிலோமீட்டர். வழியில் ஸ்டேஷன் மாற்றிக்கொண்டே போக வேண்டியதுதான்.

இந்தத் தொல்லை இல்லாத ரேடியோவாக வந்ததுதான் வேர்ல்டுஸ்பேஸ். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா 1990-ல் தொடங்கிய நிறுவனம் இது. ஆசியாவிற்கான ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் 2000 மார்ச்சில் ஏரியன்-5 ராக்கெட்டில் ஏவப்பட்டது. நம் இன்சாட்-3பி செயற்கைக்கோளும் அதே ராக்கெட்டில்தான் போனது. இந்தியாவில் ஏ.ஆர்.ரஹ்மான் இதன் விளம்பரத் தூதராக இருந்தார். தமிழுக்குக் கே.எல். ரேடியோ, கர்நாடக இசைக்கு ஸ்ருதி என்று சேனல்கள் இருந்தன. சந்தா கட்ட வேண்டும். ஆனால் நடுவில் விளம்பரத் தொல்லை கிடையாது.

ஆசியாஸ்டார் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 105 டிகிரி கிழக்கில் நின்றது. காஞ்சிபுரத்திலிருந்து பார்த்தால் கிழக்கிலிருந்து தெற்குப் பக்கம் 25 டிகிரி திரும்பி, தொடுவானத்திலிருந்து 57 டிகிரி மேலே. டிகிரிக் கணக்கு வேண்டாம் என்பவர்கள் இப்படி நினைவில் வையுங்கள். மார்ச் மாதக் கடைசியில் காலை பத்தேகால் மணிக்கு நம் ஊரில் சூரியன் எங்கே இருக்குமோ, ஏறத்தாழ அங்கே. அந்த நேரத்தில் வெயில் விழும் இடத்தில் ஆன்டெனாவை வைத்தால் ரேடியோ பாடும். நிழல் விழும் இடத்தில் பாடாது.

எங்கள் வீட்டில் இது சுலபமாக இருந்தது. அப்பாவின் தறி உள்ளறையில். ஆன்டெனாவை முற்றத்து ஓட்டின் மேல் வைத்து ஒயரை உள்ளே இழுத்துவிட்டேன். ரிசீவர் திரையில் சிக்னல் அளவு தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே ஆன்டெனாவை மெல்லத் திருப்பி, அளவு அதிகம் காட்டும் இடத்தில் ஒரு செங்கல்லை அண்டைக் கொடுத்தால் வேலை முடிந்தது. அதன் பிறகு தறிச் சத்தமும் ஸ்ருதி சேனலும்தான்.

வினையே காரில்தான் ஆரம்பித்தது. நான் சேலை பார்டர்களுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுபவன். பட்டு நூல் எடுக்க அப்பாவுடன் பெங்களூர் போவேன். 2007-ல் ஒரு முறை அவருக்காக ரிசீவரை காரில் வைத்து, ஆன்டெனாவை முன் கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்தேன். அதற்கு முந்தைய வாரம் சென்னைக்குப் போனபோது இதே ஏற்பாடு ஓரளவு பாடியது. பெங்களூர் சாலையில் ஏறியதும் ஒரு சத்தமும் இல்லை. ரிசீவர் பழுது என்று நினைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. சென்னைக்குப் போகும்போது ஸாட்டிலைட் வண்டிக்கு முன்னால், வலப்பக்கமாக இருக்கிறது. பெங்களூருக்குப் போகும்போது அது முதுகுக்குப் பின்னால்! நடுவே காரின் தகரக் கூரை.

வாலாஜாபேட்டை அருகே வண்டியை நிறுத்தி ஆன்டெனாவைக் கூரை மேல் வானம் பார்க்கப் படுக்க வைத்து டேப் ஒட்டினேன். பாடியது. ஆனால் ஒவ்வொரு புளியமரத்தின் அடியிலும், ஒவ்வொரு பாலத்தின் கீழும் பாட்டு அறுந்தது. எஃப்.எம். என்றால் இரைச்சலோடாவது கேட்கும். இது டிஜிட்டல், சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போனால் முழு மௌனம். ஆலாபனை நடுவே நாலு முறை அறுந்ததும் அப்பா, "நிறுத்துப்பா, வீட்ல போய்க் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

அப்படியென்றால் அமெரிக்காவில் மட்டும் எப்படி காரில் பாடுகிறது? 2001-ல் எக்ஸ்.எம்., 2002-ல் சிரியஸ் என்று அங்கே இரண்டு சேவைகள் தொடங்கின. 2008-ல் இரண்டும் இணைந்தன. இவற்றை முதலிலிருந்தே ஓடும் கார்களுக்காக வடிவமைத்தார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட ஸாட்டிலைட்கள் ஒரே நிகழ்ச்சியைச் சுமார் 4 நொடி இடைவெளி விட்டு அனுப்பும். ரிசீவர் இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதால், பாலத்தின் கீழ் ஒன்று தவறினாலும் மற்றொன்றிலிருந்து நிரப்பிவிடும். அதற்கு மேல், உயரமான கட்டடங்கள் உள்ள நகரங்களில் தரையிலேயே ரிப்பீட்டர் டவர்களை நூற்றுக்கணக்கில் நட்டார்கள். நமக்கு ஒரே ஸாட்டிலைட். தரையில் ரிப்பீட்டர் இல்லை. 2008 அக்டோபரில் வேர்ல்டுஸ்பேஸ் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கோரியது. அடுத்த ஆண்டுக் கடைசியில் இங்கே எல்லாம் முடிந்தது.

அன்று இல்லாத அந்த ரிப்பீட்டர்கள் இன்று வேறு வேடத்தில் வந்துவிட்டன. அவைதான் மொபைல் டவர்கள். எனவே நண்பரிடம், காருக்கென்று தனி ரேடியோ எதுவும் வாங்க வேண்டாம், கையில் உள்ள போனையே கார் ஸ்பீக்கருடன் புளூடூத்தில் இணைத்தால் போதும் என்றேன். ஆகாசவாணி நிலையங்களுக்கு நியூஸ் ஆன் ஏர் ஆப் இலவசம். 64 கே.பி.பி.எஸ். வேகத்தில் பாட்டுக் கேட்டால் ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 29 எம்.பி. செலவாகும். பெங்களூர் வரை ஐந்து மணி நேரம் என்றால் 150 எம்.பி.க்குள் அடங்கிவிடும்.

வழியில் மொபைல் சிக்னல் விட்டுப்போகும் இடங்களும் உண்டு. அதற்கு, 4 நொடி பஃபருக்குப் பதில் ஐந்து மணி நேர பஃபர் வைத்துக்கொள்ளுங்கள்! அதாவது பாடல்களை வீட்டிலேயே டவுன்லோடு செய்துவிடுங்கள். புறப்படும் முன் போனை ஃபிளைட் மோடில் போட்டு ஒரு முறை பாட வைத்துப் பார்க்கவும். மெமரியில் உண்மையாகவே இறங்கியவை மட்டும்தான் அப்போது பாடும். நண்பருக்கு இதைச் செய்து காட்டியபோது நாற்பது பாடல்களில் பதினொன்று பாடவில்லை. ஒயர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அவற்றை மறுபடி இறக்கினோம்.

தூக்கம் வந்தால் மட்டும் எந்தப் பாட்டையும் நம்ப வேண்டாம், வண்டியை ஓரங்கட்டிப் படுத்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பெட்டியை என்னிடமே விட்டுப் போய்விட்டார். அவருடைய மாடலில் எஃப்.எம்., மீடியம் வேவ் இரண்டும் உண்டு. துடைத்து, பேட்டரி போட்டதும் சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸில் கணீரென்று எடுத்தது. இப்போது அது அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் இருக்கிறது.