கழுத்தில் அடிபட்டவரைத் தூக்கும் முன்
இருசக்கர வாகன விபத்தாலோ, மரத்திலிருந்து விழுவதாலோ, ஆழமறியாத கிணற்றில் தலைகீழாகக் குதிப்பதாலோ கழுத்தின் 7 முள்ளெலும்புகளில் ஒன்று முறிந்தால், அவற்றினூடே செல்லும் தண்டுவடம், அதாவது மூளையையும் உடலையும் இணைக்கும் நரம்புத்தொகுதி, நசுங்கிக் கைகால்கள் செயலிழக்கக்கூடும். கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகளே உதரவிதானம் என்னும் மூச்சுத்தசையை இயக்குவதால், அவற்றுக்கு மேலே ஏற்படும் காயம் மூச்சையே நிறுத்திவிடலாம். அடிபட்டவரை உட்காரவைத்துத் தண்ணீர் புகட்டுவதும், ஆட்டோவில் மடக்கிக் கிடத்துவதும் இரக்கத்தால் செய்யப்படுபவையே எனினும் பெருந்தீங்கு விளைவிப்பவை. 108 ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, தலையை இருபுறமும் கைகளால் பற்றி அசையாமல் வைத்திருக்க வேண்டும். மூச்சு தடைப்பட்டாலன்றித் தலைக்கவசத்தைக் கழற்றலாகாது. வாந்தி வந்தால், சிலர் சேர்ந்து தலையையும் உடலையும் ஒருசேரப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். மூச்சு நின்றுவிட்டாலோ, கழுத்தைக் காட்டிலும் உயிரே முதன்மை. நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்கத் தயங்கலாகாது.