பொதுக் கணினியை விட்டு எழுமுன்

நூலகக் கணினியில் வங்கிக் கணக்கையோ வீசா விண்ணப்பத்தையோ பார்வையிட்டபின் சாளரத்தை மூடிவிட்டால் மட்டும் போதாது. பார்த்த பக்கங்களின் பட்டியலும், உங்களை அடையாளங்காட்டும் ‘குக்கி’ எனும் சிறு கோப்புகளும், பக்கங்களின் தற்காலிகப் பிரதிகளும் உலாவியில் தங்கிவிடலாம். அடுத்து அமர்பவர் அவற்றின் வழியே உங்கள் கணக்கினுள் நுழையவும் கூடும். ஆகவே பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்:

1. கடவுச்சொல்லைச் சேமிக்கவா என உலாவி கேட்டால் மறுத்துவிடுங்கள்.

2. திறந்த ஒவ்வொரு கணக்கிலிருந்தும் முறைப்படி வெளியேறுங்கள். உலாவியிலேயே உங்கள் கணக்கை இணைத்திருந்தால் அதிலிருந்தும் வெளியேறுங்கள். இன்றேல் வீட்டுக் கணினியிலுள்ள வரலாறும் சேர்ந்து அழியக்கூடும்.

3. விண்டோஸ் கணினியில் குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் ஆகிய உலாவிகளுக்கு கண்ட்ரோல், ஷிப்ட், டிலீட் விசைகளை ஒருசேர அழுத்துங்கள். கால அளவு முழுவதையும் தெரிவுசெய்து, வரலாறு, குக்கி, தற்காலிகப் பிரதிகள் மூன்றையும் அழியுங்கள்.

4. தரவிறக்கிய ஆவணங்கள் இதனால் அழியா. அவற்றைத் தனியே நீக்கி, குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்குங்கள்.

இவ்வாறு அழிப்பது அந்தக் கணினியில் உள்ளவற்றை மட்டுமே. நீங்கள் பார்வையிட்ட இணையத்தளங்கள் வைத்திருக்கும் பதிவுகள் அழிவதில்லை. ஐயம் எழுந்தால் நூலகப் பணியாளரிடம் உதவி கேளுங்கள். ஆயினும் கடவுச்சொல்லை அவரிடமும் கூற வேண்டாம்.