எண்ணெய் தீருமுன் மூடும் கிணறு

மாணவர்களே, பீன்யாப் பட்டறைகளில் லேத்துக்கு இடும் மசகெண்ணெய், நிலத்தடியில் கிடைக்கும் கச்சா எண்ணெயிலிருந்து வருவது. அசாமிலுள்ள டிக்பாயில் 1889ஆம் ஆண்டு எண்ணெய்க் கிணறு தோண்டத் தொடங்கினர். 1901இல் சுத்திகரிப்பு ஆலையும் அமைந்தது. அவ்வயல் இன்று மிக முதிர்ந்துவிட்டது.

புதிய வயலில் நிலத்தடி அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளும். வயல் முதிர முதிர அழுத்தம் தணியும். எண்ணெயோடு நீரும் மிகுதியாக ஏறும். பொறியால் இறைக்கவும் நீரைப் பிரிக்கவும் செலவு கூடும். அச்செலவு விற்கும் விலையை மிஞ்சினால் கிணற்றை மூடுவர். அப்போதும் பாறையின் நுண்துளைகளில் எண்ணெய் ஒட்டிக் கிடக்கும்!

பொன்னுக்கும் இதே கணக்குத்தான். தமிழர் பலர் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயல் 2001இல் மூடப்பட்டது. பொன் தீர்ந்ததாலன்று, ஆழத்திலிருந்து அதை எடுக்கும் செலவு கட்டுப்படியாகாமையால்.

வினா: எண்ணெய் இருந்தும் கிணற்றை மூடுவது ஏன்?