பேண்ட் தெரிந்ததும் துள்ளாதே

கண்ணு, வெஸ்டர்ன் பிளாட்டில் பாஸ்போ ஆன்டிபாடி வைத்து பி53 பார்க்கப் போகிறேன் என்று நீ சொன்னதும் எனக்குச் சந்தோஷத்தோடு கொஞ்சம் பயமும் வந்தது. இந்த வேலையில் பலமுறை கையைச் சுட்டுக்கொண்டவள் நான். சுட்ட இடங்களை மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. கேள்வியைத் தெரிந்துகொண்டு கேள். பி53 புரதத்தில் 393 அமினோ அமிலங்கள். டிஎன்ஏ அறுந்தால் ஏடிஎம் என்ற கைனேஸ் விழித்துக்கொண்டு, 15-ஆம் இடத்துச் செரினில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். உன் ஆன்டிபாடி தேடுவது அந்த ஒரு முத்திரையைத்தான். பிலிமில் கறுப்புப் பட்டையாக, அதாவது பேண்டாக, தெரிய வேண்டியதும் அதுதான். நான் இதைப் படிக்காமலே பாட்டிலைத் திறந்தேன். வழி கேட்காமல் பஸ் ஏறியவள் கதைதான் அது.

2. ஐஸை மறக்காதே. செல்லை உடைத்த நொடியிலிருந்து பாஸ்பட்டேஸ் என்ற நொதிகள் முத்திரையைக் கழற்றத் தொடங்கிவிடும். சோடியம் புளோரைடும் ஆர்த்தோவனடேட்டும் பஃபரில் முன்பே இருக்க வேண்டும். ஒருநாள் போனில் பேசிக்கொண்டே டியூப்களை மேஜைமேல் விட்டேன். பிலிம் வெறுமையாக வந்தது. பழியை ஆன்டிபாடிமேல் போட்டேன். தவறு என் கையில் இருந்தது.

3. 'எல்லாரும் இப்படித்தான்' என்பதை ஏற்காதே. புரதம் ஏறிய பிளாட் சவ்வைப் பால்பவுடர் கரைசலில் ஊறவைப்பது எங்கள் வழக்கம். பாலில் உள்ள கேசினே பாஸ்பேட் சுமக்கும் புரதம். சில பாஸ்போ ஆன்டிபாடிகளுக்கு அது பின்னணியைக் கறுப்பாக்கிவிடும். பாலுக்குப் பதில் பிஎஸ்ஏ என்ற மாட்டுச் சீரம் ஆல்புமினுக்கு மாறியதும் தெளிந்தது. அதுவரை யாரிடமும் 'ஏன்?' என்று கேட்கக் கூச்சப்பட்டேன். கூச்சத்துக்குக் கொடுத்த விலை மூன்று மாதம்.

4. மொத்தத்தையும் அள. டிஎன்ஏ சேதமானால், வழக்கமாக பி53-ஐ அழிக்க அனுப்பும் எம்டிஎம்2-வின் பிடி தளரும், பி53 குவியும். முத்திரை கூடியதா, முத்திரை வாங்கும் புரதமே கூடியதா? 'பாஸ்பரிலேஷன் எகிறிவிட்டது' என்று கூட்டத்தில் அறிவித்தேன். 'மொத்த பி53 எங்கே?' என்றார் பின்வரிசையில் ஒருவர். என்னிடம் பதில் இல்லை. அன்று அவர்மேல் கோபம். இன்று அவரைத்தான் குருவாக நினைக்கிறேன்.

5. உன் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய். பி53 அறவே இல்லாத எச்1299 செல்கள் இருக்கின்றன. 1998-இல் பெர்ட் வோகல்ஸ்டைன் குழு பி53 மரபணுவை நீக்கி எடுத்த எச்சிடி116 செல்களும் உண்டு. அவற்றை ஒரு லேனில் ஓட்டு. இன்னொரு லேனில் ஓட்டும் லைசேட்டை, அதாவது உடைத்த செல்சாற்றை, முன்பே லாம்ப்டா பாஸ்பட்டேஸால் கழுவு. இரண்டிலும் பேண்ட் மறைய வேண்டும். எட்டு மாதம் நான் கொண்டாடிய பேண்ட், பி53 இல்லாத லேனிலும் ஜம்மென்று நின்றது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

6. செல்லின் நிலையைப் பார். நாளை நீ ஆர்பி புரதத்துக்குப் போகலாம். சைக்ளின் டி-யோடு சேர்ந்த சிடிகே4, சிடிகே6 கைனேஸ்கள் செல் சுழற்சியின் ஜி1 கட்டத்தில் அதில் பாஸ்பேட் ஏற்றத் தொடங்கும். தட்டில் செல்கள் நெருக்கியடித்தால் பெருக்கம் நின்று முத்திரையும் குறையும். நான் சோதித்த ஒரு மருந்தின் வெற்றி என்று எழுதியது வெறும் நெரிசலின் விளைவு. எண்ணாமல் விதைத்தவளுக்கு அறுவடை எப்படிப் புரியும்?

7. பிலிமை வெட்டி அழகு பார்க்காதே. கூடுதல் பேண்ட், மங்கிய லேன், கெட்டுப்போன நாள் எல்லாம் தேதியோடு நோட்டில் இருக்கட்டும். மறைத்த பேண்டை நீ மறந்தாலும் அடுத்து அதே சோதனையைச் செய்கிறவர் கண்ணில் அது படும். முடிவு தப்பினால் திருத்திக்கொள்ளலாம். பெயர் போனால் மீட்பது கடினம்.

பி53 இல்லாத லேனில் பேண்ட் நின்ற அந்தப் பிலிம் இன்னும் என் மேஜைக்கு எதிரே ஒட்டியிருக்கிறது. ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஊருக்கு வரும்போது உன் முதல் பிளாட்டை எடுத்து வா. சரியாக வந்ததை மட்டுமல்ல, சொதப்பியதையும். சொதப்பியதை முதலில் பார்ப்போம்.